மார்பகத்தை அகற்றிய பிறகு மறுசீரமைப்பு: உடனே செய்வதா, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்த பிறகா?

கொருக்குப்பேட்டை தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 44 வயது. வலது மார்பகத்தில் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியான பிறகு அறுவைக்கு முன்பாகவே கீமோ தொடங்கினார்கள். அது இப்போது முடியும் தறுவாயில் இருக்கிறது. கட்டி முதலில் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது, அக்குள் நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்தது. ஆகவே மார்பகத்தை முழுமையாக அகற்ற வேண்டியிருக்கும் என்றும், அதன் பிறகு கட்டாயம் கரண்ட் வைக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். விருப்பமிருந்தால் மார்பக மறுசீரமைப்பு பற்றி பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் பேசிப் பாருங்கள் என்று அவரே ஓ.பி. சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அக்கா மணலி சாலையோரத்தில் சிறிய டிபன் கடை நடத்துகிறார். மாவுப் பாத்திரமும் தண்ணீர்க் குடமும் தூக்காமல் அவருக்கு ஒரு நாள் கூடக் கழியாது. இரண்டு பிரசவமும் சிசேரியன். சர்க்கரை உண்டு, மாத்திரையில் இருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். அக்கா வாய் திறந்து வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னென்ன முறைகள் இருக்கின்றன, எதை எப்போது செய்வார்கள், அவரைப் போல உடலுழைப்பு உள்ளவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதை அனுபவம் உள்ளவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மூலக்கொத்தளம் பெரியவர்

அம்மா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிர் பிழைப்பதே பெரிது என்றிருக்கும் நேரத்தில் அழகுக்காக இன்னொரு முறை கத்தி வைப்பானேன்? நாற்பதைத் தாண்டிய, பிள்ளை குட்டி உள்ள பெண்மணி. புடவை முந்தானை மறைத்துவிடப் போகிறது. அதற்காகச் செலவழிக்கும் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கடலோரக் காற்று

பெரியவருக்கு வணக்கத்துடன் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். முந்தானை வெளியார் கண்ணுக்கு மறைக்கும். குளியலறையில் தினமும் குனிந்து பார்ப்பவள் அந்தப் பெண்தான். அவளுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமும் இல்லை, அவளுடைய மாமியாரும் இல்லை.

நான் திருவொற்றியூர்க்காரி. மார்பகம் அகற்றியபோதே முதுகுத் தசையை எடுத்து முன்னால் வைக்கும் எல்.டி. ஃபிளாப் முறையில் எனக்கு மறுசீரமைப்பு செய்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே முதுகில் விசிறி போல விரிந்திருக்கும் அகன்ற தசையையும் அதன் மேலுள்ள சிறிது தோலையும் கொழுப்பையும், அக்குள் பக்கமிருந்து வரும் இரத்தக் குழாயை அறுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, தோலுக்கு அடியில் ஒரு வழி செய்து மார்புக்குக் கொண்டுவருகிறார்கள். குழாய் அறுபடாததால் நுண்ணோக்கி வைத்துத் தைக்கும் வேலை இல்லை. அறுவை நேரமும் குறைவு. எனக்கு மார்பகம் சிறியது என்பதால் தசையே போதுமானதாக இருந்தது. பெரிய மார்பகம் உள்ளவர்களுக்குத் தசைக்கு அடியில் ஒரு சிலிகானும் சேர்த்து வைக்க வேண்டிவரும் என்றார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதுகில் தையல் போட்ட இடத்தில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. நீரை வடிக்கும் டிரெயின் குழாயை எடுத்த பிறகும் ஊசி வைத்து உறிஞ்சினார்கள். இது இந்த முறையில் மிகவும் சாதாரணம் என்று யாரும் முன்பே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அடுத்தது, தோள் வலு. அன்றாட வேலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. பரணிலிருந்து அண்டாவை இறக்குவது, உயரே இருக்கும் கம்பியைப் பிடித்து உடலை இழுத்துப் பேருந்தில் ஏறுவது போன்றவற்றில்தான் அந்தப் பக்கம் சற்றுத் தளர்வு தெரிகிறது. எங்கள் தெருவில் காசிமேட்டிலிருந்து மீன்கூடை சுமந்து விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்த முறையை யாராவது பரிந்துரைத்தால் நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். உங்கள் அக்கா விஷயத்திலும் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் ‘வீட்டு வேலைதான்’ என்று சொல்லி முடித்துவிடுவது நம் பெண்களின் வழக்கம்.

அறுவை அரங்கம்

நான் பிளாஸ்டிக் சர்ஜரி துறையைச் சேர்ந்தவன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம். உங்கள் அக்காவின் அறிக்கைகளைப் பார்த்தவர் சொல்வதே இறுதியானது.

முறைகளை விட முக்கியமான கேள்வியைத் தலைப்பிலேயே கேட்டுவிட்டீர்கள். உங்கள் அக்காவுக்குக் கட்டாயம் கதிர்வீச்சு உண்டு என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் செய்தி. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, நான்கோ அதற்கு மேற்பட்டோ நெறிக்கட்டிகளில் பரவியிருந்தாலோ மார்பகம் நீக்கிய பிறகும் நெஞ்சுச் சுவருக்குக் கதிர்வீச்சு தருவது வழக்கமான நடைமுறை. அந்தக் கதிர்கள் நோயணுக்களை அழிப்பதோடு அங்குள்ள தோலையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் இறுகச் செய்கின்றன. ஆகவே கதிர்வீச்சுக்கு முன்னால் எதை உள்ளே வைத்தாலும் அதுவும் அந்தக் கதிரைத் தாங்க வேண்டும். பின்னால் வைத்தால் இறுகிப்போன தோலுக்குள் வைக்க வேண்டும்.

முதலில் சிலிகான். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாகப் பெண்ணுடலில் பொருத்தப்பட்ட சிலிகான் உள்வைப்பு, பல மாற்றங்களுக்குப் பிறகு இன்று புழக்கத்தில் இருக்கிறது. மார்பகத்தை அகற்றிய இடத்தில் தோல் போதாது என்றால் முதலில் ‘எக்ஸ்பாண்டர்’ எனப்படும் காலிப் பையை மார்புத் தசைக்கு அடியிலோ மேலேயோ வைத்து, புண் ஆறிய பின் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி மூலம் உப்புநீரை ஏற்றித் தோலைப் படிப்படியாக விரித்து, பிறகு இன்னொரு அறுவையில் அந்தப் பையை எடுத்துவிட்டு நிரந்தர உள்வைப்பைப் பொருத்துகிறோம். தோலைக் காத்து மார்பகத்தை அகற்ற முடிந்தவர்களுக்கு ஒரே அமர்விலும் பொருத்த முடியும். உடலில் வேறெங்கும் வெட்டு இல்லை, அறுவை நேரம் குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. இவை இதன் நன்மைகள்.

குறைகளில் முதன்மையானது, உள்வைப்பைச் சுற்றி உடல் தானாகவே உருவாக்கும் மெல்லிய உறை நாளடைவில் இறுகி மார்பை வலியுடன் கெட்டியாக்கிவிடுவது. கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இது கணிசமாக அதிகம். கிருமித் தொற்று, தையல் பிரிதல், உள்வைப்பையே எடுக்க நேர்தல் ஆகியவையும் அவர்களிடம் அதிகம். அத்துடன் இது ஆயுள் முழுவதற்குமான பொருள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் பலருக்கு மாற்றும் தேவை வருகிறது. சிலிகான் உள்ளே சத்தமில்லாமல் கிழிந்தால் வெளியே தெரியாது. அதனால் பொருத்திய ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் தொடங்கி, பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. கொரகொரப்பான மேற்பரப்பு கொண்ட சில உள்வைப்புகளைச் சுற்றி அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்று தோன்றுவது தெரியவந்ததால், அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை 2019 ஜூலையில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. எந்த வகை வைக்கப்படுகிறது என்று கேட்பதும், உள்வைப்பின் எண் அச்சிட்ட அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துவதும் நோயாளியின் உரிமை.

அடுத்து வயிற்றுத் திசு. தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பகமாக வடிக்கும் முறையை 1982இல் கார்ல் ஹார்ட்ராம்ப் என்ற அறுவை மருத்துவர் வெளியிட்டார். ‘டிராம்’ எனப்படும் அந்த முறையில் வயிற்றின் நடுத்தசையும் சேர்ந்து போய்விடுவதால் பின்னாளில் வயிறு பிதுங்கவோ குடலிறக்கம் வரவோ வாய்ப்புண்டு. இதைத் தவிர்க்கத்தான் ‘டீப்’ முறை வந்தது. தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதனூடே வரும் மெல்லிய குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் முற்றிலும் அறுத்து மேலே கொண்டுபோய், விலா எலும்புக் குருத்தின் பின்னுள்ள இரத்தக் குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைக்கிறோம். குழாயின் விட்டம் இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். சில வேளைகளில் அதற்கும் மேல். முதல் இரண்டு நாட்கள் மணிக்கொரு முறை செவிலியர் வந்து திசுவின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். இணைத்த குழாய் அடைத்துக்கொண்டால் நள்ளிரவானாலும் திரும்ப அரங்குக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்குத் திசு முழுமையாக வீணாகலாம். ஆனால் நிலைத்துவிட்டால் அது அவருடைய சொந்த உடல். எடை கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும், மாற்ற வேண்டிய தேவை இல்லை.

உங்கள் அக்காவின் நிலையில் பல மையங்கள் பின்பற்றும் வழி, இப்போது மார்பகத்தை அகற்றித் தட்டையாக மூடிவிட்டு, கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துத் தோல் தளர்ந்த பிறகு வயிற்றுத் திசுவில் மறுசீரமைப்பு செய்வது. சிகிச்சைக்குத் தடங்கல் வராது என்பதே இதன் பெரிய நன்மை.

பெரம்பூர் லோகோ

மருத்துவர் ஐயாவிடம் ஒரு மாற்றுக் கருத்து. என் மனைவிக்கும் கதிர்வீச்சு உண்டு என்று முன்பே தெரியும். இருந்தும் மார்பகம் நீக்கிய அன்றே எக்ஸ்பாண்டர் பையை வைத்து, அது உள்ளே இருக்கும்போதே கதிர்வீச்சையும் முடித்து, பிறகு சொந்தத் திசுவுக்கு மாற்றினார்கள். கண் விழித்துப் பார்த்தபோது நெஞ்சு வெறுமையாக இல்லை என்பதே அவருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. அந்த ஓராண்டு வெறுமை எல்லோராலும் தாங்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறுவை அரங்கம்

ஐயா சொல்வது நியாயம். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். பை வைத்தால் மார்பின் தோல் சுருங்காமல் நிற்கிறது, பின்னால் வயிற்றிலிருந்து எடுக்க வேண்டிய தோலின் அளவு குறைகிறது. எனினும் பையில் தொற்று ஏற்பட்டால் கதிர்வீச்சு தள்ளிப்போகும் அபாயம் உண்டு, அந்தத் தாமதத்தை ஏற்பதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு நான் தயங்குவேன். கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவருக்கு இன்னொரு மருத்துவர் துணியலாம். இது மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடம். ஆகவே புற்றுநோய் மருத்துவரையும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரையும் ஒரே நாளில் பார்க்க முடிந்தால் நல்லது.

கொருக்குப்பேட்டை தங்கை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் சில ஐயங்கள். சிசேரியன் தையல் இருப்பதால் வயிற்றிலிருந்து எடுக்க முடியாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடும் செய்திருக்கிறார். மறுசீரமைப்பு செய்துவிட்டால் நோய் திரும்ப வந்தால் தெரியாமல் போய்விடும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது: அக்காவுக்கு வெற்றிலை பாக்குடன் புகையிலை போடும் பழக்கம் உண்டு.

அறுவை அரங்கம்

கூச்சப்பட வேண்டாம், அதைச் சொன்னதுதான் மிகவும் பயனுள்ளது. சிகரெட் பிடிப்பவர்களை மட்டுமே நாங்கள் கேள்வி கேட்கிறோம். வாயில் ஒதுக்கும் புகையிலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டிலும் நிக்கோட்டின் இருக்கிறது, அது நுண்ணிய குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இடம் மாற்றிய திசு உயிரோடு இருப்பதே அந்தக் குழாய்களின் தயவில்தான். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முற்றிலும் நிறுத்த வேண்டும், புண் ஆறும் வரை தொடவே கூடாது. சர்க்கரையையும் மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் பார்த்து, 7க்கு அருகில் கொண்டுவந்துவிட்டால் தைரியமாகத் திட்டமிடலாம்.

சிசேரியன் தழும்பு அடிவயிற்றில் குறுக்கே இருந்தால் பெரும்பாலும் தடை இல்லை. எடுக்கும் திசுவின் கீழ் விளிம்போடு அதுவும் சேர்ந்து போய்விடும். குடும்பக் கட்டுப்பாட்டுத் தழும்பு சிறியது. தொப்புளுக்கு மேலும் கீழுமாக நெடுக வெட்டிய தழும்பு இருந்தால்தான் ஒரு பாதித் திசுவுக்கு இரத்தம் போகுமா என்று கணக்கிட வேண்டியிருக்கும். எப்படியும் முன்கூட்டியே வயிற்றுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துக் குழாய்களின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்போம்.

நோய் திரும்புவது பற்றிய பயத்துக்கு ஆதாரம் இல்லை. மறுசீரமைப்பு நோயைத் திரும்ப அழைப்பதும் இல்லை, கண்டுபிடிப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு தாமதப்படுத்துவதும் இல்லை. அதே இடத்தில் திரும்பும் நோய் பெரும்பாலும் தோலிலோ அதன் அடியிலோதான் தோன்றும். கையால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். மற்றொரு மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டமாக்சிபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது இரத்தத்தை உறைய வைக்கும் தன்மையைக் கூட்டக்கூடும் என்பதால் நுண்குழாய் அறுவைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பு பலர் நிறுத்தி வைப்பார்கள். தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

வண்ணை வாசகி

இந்த இழையில் இதுவரை யாரும் விரிவாகச் சொல்லாத ஒரு வழியும் இருக்கிறது: ஒன்றுமே செய்துகொள்ளாமல் இருப்பது. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். மறுசீரமைப்பு பற்றி முழுமையாக விளக்கிச் சொல்லப்பட்ட பிறகு, நன்கு யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். இன்னொரு பெரிய அறுவைக்கும் வயிற்றில் இடுப்பிலிருந்து இடுப்பு வரை ஒரு தழும்புக்கும் எனக்கு மனமில்லை. மூலக்கொத்தளம் ஐயா சொன்ன காரணத்துக்காக நான் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆனால் தட்டையாக இருப்பதிலும் நல்ல தையல், மோசமான தையல் என்று உண்டு. மடிப்பும் தொங்கலுமாகத் தோலை விட்டுவிட்டால் அக்குளில் உரசிப் புண்ணாகும், பிராவின் பட்டை வெட்டும். மறுசீரமைப்பு வேண்டாம் என்றால் தோலைச் சீராக இழுத்துத் தட்டையாக மூடித் தரும்படி முன்கூட்டியே கேட்டு, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் மனம் மாறினாலும் கதவு அடைபட்டுவிடாது. ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளலாம்.

பிராவுக்குள் வைக்கும் சிலிகான் மார்பு கடைகளில் கிடைக்கிறது. எடை மற்றப் பக்கத்துக்கு இணையாக இருப்பதால் முதுகு கோணாமல் காக்கும். எனினும் நம் ஊர் மே மாதத்தில் அதை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது என்ன என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், வியர்க்குரு வந்துவிடும். வீட்டில் பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு நிரப்பியதையும் வெளியே போகும்போது சிலிகானையும் வைத்துக்கொள்கிறேன். ரவிக்கை தைக்கும் அக்காவிடம் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கச் சொன்னால் அது நகர்ந்து விழாது. அவரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குத்தான் நாளாயிற்று, அவர் மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தார்.

மூலக்கொத்தளம் பெரியவர்

நான் எழுதியது யார் மனதையும் வருத்துவதற்காக அல்ல. செலவு பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இவ்வளவு நுட்பமான அறுவையை டிபன் கடை நடத்தும் குடும்பம் எப்படித் தாங்கும்?

பெரம்பூர் லோகோ

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் காகிதங்களோடு அலைந்தவன் நான்.

முதலாவது, நம் பகுதியிலேயே இருக்கிறது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அதன் பிளாஸ்டிக் சர்ஜரி துறை கை அறுவைக்கும் நுண்குழாய் அறுவைக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 2018 பிப்ரவரியில் மார்பகங்களுக்கான தனிச் சிகிச்சைப் பிரிவு அங்கே தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கு அரசே இலவசமாக மார்பக உள்வைப்பு தருகிறது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அரசுப் பணத்தில் இது தேவையா என்று அப்போதும் கேட்டார்கள், ஐயா கேட்டதைப் போலவே. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கும் இந்தச் சிகிச்சை எட்ட வேண்டும் என்பதுதான் என் பதில்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. விண்ணப்பிக்கும் மையம் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. எந்த அறுவை எந்தத் தொகுப்பில் வருகிறது, உள்வைப்பின் விலை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் அனுமதிக்கு முன்பே கேட்டு, முன் ஒப்புதல் வந்த பிறகு சேருங்கள்.

மூன்றாவது, தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். என் மகன் பெயரிலிருந்த குடும்பக் காப்பீட்டில் எங்களுக்கும் அப்படித்தான் முதலில் பதில் வந்தது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்கு விதியிலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பாலிசியில் ‘விலக்கு 08’ என்ற எண்ணில் தேடினால் அந்த வரி கிடைக்கும். அதைச் சுட்டிக்காட்டி, ‘புற்றுநோய் சிகிச்சையின் தொடர்ச்சியாகச் செய்யப்படும் மறுசீரமைப்பு’ என்று மருத்துவர் கைப்பட எழுதிய சான்றையும் இணைத்து மறுமுறை அனுப்பினோம், பணம் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அழகுச் சிகிச்சை என்ற பொருள்படும் எந்தச் சொல்லும் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் குடும்பமென்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ., எங்களைப் போன்ற ரயில்வே குடும்பமென்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. அங்கே இல்லாத சிகிச்சைக்கு வெளியே அனுப்பும் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடலோரக் காற்று

அறுவைக்குப் பிந்தைய சில நாட்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இதைப் பெண்கள்தான் பெண்களுக்குச் சொல்ல முடியும்.

டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதில் சேரும் நீரை அளந்து தினமும் குறித்துவர வேண்டும். ஒரு நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். நைட்டியின் உள்பக்கம் ஒரு துணிப்பை தைத்து அதில் குழாய்ப் புட்டியை வைத்துக்கொண்டேன். முன்னால் பொத்தான் வைத்த நைட்டியே வசதி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது.

மறுசீரமைத்த மார்பில் தொடு உணர்ச்சி இருக்காது. சிலருக்கு ஓரங்களில் சிறிது திரும்பலாம், பழையபடி வராது. இதை முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், கணவரும் வாங்கிக்கொள்ள வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள், சூடு தெரியாது. வலி என்றால் பையில் வெந்நீர் ஊற்றி வைப்பதுதானே நம் வீட்டு வைத்தியம். அது இங்கே கூடவே கூடாது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் வரும் வாய்ப்பை மறுசீரமைப்பு போக்காது. அந்தக் கையில் ஊசியோ இரத்த அழுத்தப் பட்டையோ வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் நாமே சொல்ல வேண்டும். இறுகிய வளையலும் ஆகாது. பிசியோதெரபி சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்தால்தான் கை உயரும்.

காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் தனியாகப் பின்னால் செய்வது. மார்பு தன் வடிவத்தில் நிலைத்த பிறகு, மூன்று நான்கு மாதம் கழித்து, அங்குள்ள தோலையே மடித்துக் காம்பை உருவாக்குவார்கள். நிறத்துக்குப் பச்சை குத்துவார்கள். சில ஆண்டுகளில் நிறம் வெளுக்கும், மீண்டும் குத்தலாம். நான் இதைச் செய்துகொள்ளவில்லை.

அறுவை அரங்கம்

நல்ல குறிப்புகள். இரண்டை மட்டும் சேர்க்கிறேன். வயிற்றிலிருந்து எடுத்தவர்கள் குறைந்தது ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. தசையும் சேர்த்து எடுக்கும் டிராம் முறையென்றால் மூன்று மாதம். லாரித் தண்ணீர் பிடித்து மாடிக்குச் சுமக்கும் வீடென்றால் அதற்கு வேறு ஆள் யார் என்று அறுவைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், இதைக் கேட்காமல் நான் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை. இரண்டாவது, ஒரு மார்பைப் புதிதாகச் செய்தால் மற்றதோடு அது முற்றிலும் ஒத்திருக்காது. சமப்படுத்த மற்ற மார்பைச் சிறிதாக்கவோ தூக்கித் தைக்கவோ, இடுப்பிலிருந்து உறிஞ்சிய கொழுப்பை ஊசியால் நிரப்பவோ நேரலாம். நிரப்பிய கொழுப்பில் கணிசமான பகுதி கரைந்துவிடும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரே அறுவையில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொருக்குப்பேட்டை தங்கை

இந்த இழை முழுவதையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கரண்ட் முடியட்டும், அதுவரைக்கும் கடையைப் பார்க்கணும், அப்புறம் வயித்துல இருந்தே எடுக்கச் சொல்லு” என்றார். வேண்டும் என்று அவர் வாயாலேயே சொன்னது எனக்கு அதுவே முதல் முறை. மாமியார் அங்கேயே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதன்படி இப்போது சீராகத் தட்டையாக மூடும்படி கேட்கப் போகிறோம். மார்பகத்தை எடுக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரையும் பார்த்துத் திட்டத்தை எழுதி வாங்குவோம். புகையிலையை இன்றிலிருந்து நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம். கடைசியாக ஒரு கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

அறுவை அரங்கம்

பயாப்சி அறிக்கை, கீமோ விவரங்கள் எழுதிய அட்டை, கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்கள், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். சிசேரியன் செய்த இடத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் அதுவும். கதிர்வீச்சு மருத்துவர் எத்தனை அமர்வு, எந்தப் பகுதிக்கு என்று எழுதித் தந்தால் அதன் நகல் பின்னால் மிகவும் தேவைப்படும். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோடு வரச் சொல்லுங்கள். பரிசோதனையின்போது உடன் ஒரு பெண் இருக்கலாம், நீங்களே வாருங்கள்.

வண்ணை வாசகி

கீமோ அட்டையின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். பின்னிய பருத்தி மார்பு அதுவரைக்கும் அக்காவுக்கு வேண்டுமென்றால் தனிச்செய்தியில் அளவை அனுப்புங்கள், நான் பின்னித் தருகிறேன்.